எஞ்சின் ஏன் இறுகிற்று?

மட்டக்களப்பிலிருந்து கல்முனை நோக்கிச் செல்லும் பெருந்தெருவிலே, பெரியகல்லாற்றைக் கடந்து தெற்கே வருவோர் அம்பாறை மாவட்டத்தின் கரையோரத்தில் முதலாவதாகக் காணும் ஊர் பெரியநீலாவணை. கிழக்கே கடல், மேற்கே களப்பும் அதற்கப்பால் நெல்வயல்களும். தமிழரும் முஸ்லிம்களும் அயலவராய் வாழும் இப்பகுதியிலே கடலை நம்பி வாழ்வோர் உளர். அடுத்துள்ள மருதமுனையிற் போலத் தறியை நம்பி வாழ்வோர் உளர். வயலை நம்பி வாழ்வோரும் உளர். வயலை நம்பியவர் வீட்டு முற்றத்திலே எருமைக் கடாக்கள் நின்ற காலம் போய், உழவு இயந்திரம் நிற்கும் காலம் வந்து பல்லாண்டுகளாயின.

1949ஆம் ஆண்டிலே கல்லோயா அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டது. இங்கினியாகலையில் ஆறு மறிக்கப்பட்டுச் சேனநாயக்க சமுத்திரம் உருவாயிற்று. வயல்கள் விரிந்தன. பருவம் தவறுமுன் உழுது முடிக்க மாடுகளின் நடை போதாத இடங்களில் இயந்திரம் வந்து நின்றது. இலங்கைப் பொறியியலாளர் ரே விஜேவர்தன 1950களில் உருவாக்கிய ‘லாண்ட் மாஸ்டர்’ என்னும் இரு சில்லு உழவு இயந்திரம் சேற்று வயலுக்கு அறிமுகமாயிற்று. யார் செய்த இரு சில்லு இயந்திரத்தையும் அப்பெயராலேயே அழைப்போர் இன்றும் உளர்.

நான்கு சில்லு இயந்திரங்களிலே எம்மவருக்கு நெடுங்காலமாய்ப் பழக்கமானது மெசி பெர்குசன். அதன் 135 என்னும் வகை 1964 முதல் 1975 வரை இங்கிலாந்தின் கொவென்றி நகரிலே செய்யப்பட்டது. அதனுள்ளே இருப்பது பேர்க்கின்ஸ் கம்பனியின் மூன்று சிலிண்டர் டீசல் எஞ்சின். செய்து அரை நூற்றாண்டு கடந்தும் இவ்வியந்திரங்கள் உழுகின்றன; மணலும் கல்லும் நெல்லும் பெட்டியில் ஏற்றிச் செல்கின்றன; ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாறுகின்றன. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பர். பழைய உழவு இயந்திரத்தை வாங்குவோர் மனத்திலும் அவ்வெண்ணமே இருக்கின்றது. ஆயினும், வாங்கிய யானை எழுந்து நிற்க மறுத்தால் என் செய்வது?

முற்றத்தில் நின்ற கடன்

எமக்கு நெருங்கிய குடும்பம் ஒன்று சில ஆண்டுகளுக்கு முன் இத்தகைய இயந்திரம் ஒன்றை வாங்கிற்று. வீட்டுத் தலைவிக்குத் தாய்வீடு தந்த காப்புகள் அடகுக்குச் சென்றன. போதாத தொகையை மைத்துனர் கைமாற்றாகக் கொடுத்தார். தம் வயலை உழுவதோடு அயலார் வயலையும் கூலிக்கு உழுது, பெரும்போகம் முடிவதற்குள் கடனைத் தீர்த்துவிடலாம் என்பது அவர்கள் போட்ட கணக்கு. விற்றவரோ, “நல்ல எஞ்சின். நெடுநாள் நின்றதால் பற்றரி மட்டும் இறங்கிவிட்டது” என்று கூறியிருந்தார்.

இயந்திரம் லொறியில் வந்து இறங்கிற்று. புதிய பற்றரி பூட்டப்பட்டது. சாவியைத் திருப்பியபொழுது ‘டக்’ என்று ஓர் ஓசை, விளக்குகள் மங்கின, அவ்வளவே. எஞ்சின் அணுவளவும் அசையவில்லை.

அது புரட்டாதி மாதம். இன்னும் சில வாரங்களில் மழை தொடங்கிவிடும். முற்றத்திலே கூடிய அயலவர் ஆளுக்கொரு யோசனை கூறினர். மற்றோர் உழவு இயந்திரத்தால் கட்டி இழுத்தால் தானாகவே சுழலும் என்றார் ஒருவர். பெரிய சுத்தியலால் தட்டினால் விடும் என்றார் இன்னொருவர். பழைய இரும்புக்கு நிறுத்துக் கொடுத்துவிடலாம் என்று கூறி வீட்டாரின் வயிற்றில் புளியைக் கரைத்தார் மூன்றாமவர். காப்பைக் கழற்றிக் கொடுத்த அம்மையார் ஒன்றும் பேசாது வாசற்படியில் அமர்ந்திருந்தார்.

மருதமுனையிலிருந்து முதிய மெக்கானிக் ஒருவர் அழைக்கப்பட்டார். வீட்டார் அவரைக் ‘காக்கா’ என்றே அழைத்தனர்.

“காக்கா, கயிறு கட்டி இழுத்துப் பார்ப்போமா?” என்று வீட்டுக்காரர் கேட்டார்.

“இழுக்கிறது இருக்கட்டும் தம்பி. முதல்ல இதைச் சொல்லுங்க. இந்த எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கையில் நின்றதா, நின்றுகொண்டிருக்கையில் கெட்டதா?”

அதற்கு விடை கூற அங்கு எவராலும் இயலவில்லை. விற்றவரைத் தொலைபேசியில் அழைத்தனர். முதலில் மழுப்பிய அவர், பின்னர் ஒருவாறு ஒப்புக்கொண்டார். கடைசியாக ஓடியபொழுது எஞ்சின் நன்றாகவே ஓடிற்றாம். அதன் பின் ஒரு மாரி முழுவதும் மரத்தின் கீழே நின்றதாம்.

அந்த ஒரு கேள்வியிலே பாதி நோய் தெரிந்துவிட்டது என்பதை நாம் பின்னரே உணர்ந்தோம்.

இறுகுதல் என்பது யாது?

டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறி வேண்டியதில்லை. ருடோல்ப் டீசல் என்னும் ஜெர்மானியப் பொறியியலாளர் 1897இல் ஓட்டிக் காட்டிய முறை அது. சிலிண்டரினுள்ளே இழுக்கப்பட்ட காற்றைப் பிஸ்டன் மேலெழுந்து பதினாறு பதினெட்டு மடங்காக நெருக்குகின்றது. நெருக்குண்ட காற்று 500 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறுகின்றது. அச்சூட்டில் விசிறப்படும் டீசல் தானே பற்றிக்கொள்கின்றது. அத்துணை நெருக்கம் ஏற்பட வேண்டுமாயின், பிஸ்டனுக்கும் சிலிண்டர்ச் சுவருக்கும் இடையே காற்றுக் கசியலாகாது. ஆதலின் பிஸ்டனைச் சுற்றி இரும்பு றிங்குகள் சுவரோடு அழுந்தி நிற்கின்றன. அவற்றுக்கும் சுவருக்கும் நடுவே இருப்பது மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்றே.

நாம் கூறும் எஞ்சினின் சிலிண்டர் 91.4 மில்லிமீற்றர் விட்டமுடையது. பிஸ்டன் அதனுள்ளே 127 மில்லிமீற்றர் தூரம் மேலும் கீழுமாக ஓடுகின்றது. பிஸ்டனின் உடலுக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளி ஏறக்குறைய ஒரு தாளின் தடிப்பளவே. இந்தத் தாளளவு இடைவெளி அடைபட்டால் எஞ்சின் இறுகிற்று என்பது பொருள். கராஜ்களிலே ‘ஜாம்’ என்றும் ‘சீஸ்’ என்றும் கூறுவர்.

அவ்விடைவெளி அடைபடும் வழிகள் பல. அவற்றுள் முதன்மையானவை இரண்டு. முதலாவது சூடு. பிஸ்டன் அலுமினியக் கலவையால் ஆனது. சுவர் வார்ப்பிரும்பால் ஆனது. ஒரே அளவு சூட்டுக்கு அலுமினியம் வார்ப்பிரும்பைப் போல் ஏறக்குறைய இருமடங்கு விரியும். ரேடியேற்றரில் நீர் வற்றியோ எண்ணெய் குறைந்தோ பிஸ்டன் மிகையாக 100 பாகை சூடேறுமாயின், அது 0.2 மில்லிமீற்றர் வரை பருத்துவிடும். தாளளவு இடைவெளி அதற்குமேல் எங்கே இருக்கும்? பிஸ்டன் சுவரை உரசி, அலுமினியம் சுவரில் அப்பிப் பிடித்துக்கொள்ளும். இஃது ஓடும்பொழுது வரும் நோய்.

இரண்டாவது துரு. ஈரம் புகுந்த சிலிண்டரில் இரும்புச் சுவரும் இரும்பு றிங்கும் துருவேறுகின்றன. துருவானது தான் தின்ற இரும்பினும் இருமடங்குக்கு மேற்பட்ட இடத்தை அடைக்கும் இயல்புடையது. இஃது ஓடாது நிற்கும்பொழுது வரும் நோய். கடற்காற்றில் உப்பும் ஈரமும் கலந்த எமது கரையோரத்திலே இந்நோய் விரைந்து பற்றும்.

காக்கா கேட்ட கேள்வியின் பொருள் இப்பொழுது மாணவர்களுக்கு விளங்கியிருக்கும். ஓடிக்கொண்டிருக்கையில் நின்ற எஞ்சினுக்குப் பெரும்பாலும் பெருஞ்செலவு காத்திருக்கின்றது. நின்றுகொண்டிருக்கையில் கெட்ட எஞ்சினுக்கோ, பொறுமையிருந்தால் விமோசனம் உண்டு.

இறுகியது எஞ்சின்தானா?

நிற்க. விற்றவர் கூறியதை முற்றாக நம்பிக் காக்கா வேலையைத் தொடங்கினாரல்லர். எஞ்சின் சுழலவில்லை என்றவுடன் பிஸ்டனைக் குற்றம் சாட்டுவது பிழை என்பது அவர் கருத்து. எஞ்சினோடு பிணைந்து சுழலும் பொருள்கள் பல. அவற்றுள் ஏதேனும் ஒன்று பிடித்துக்கொண்டாலும் முழு எஞ்சினும் இறுகியது போலவே தோன்றும்.

முதலில் கியர் நெம்பை நடுநிலைக்குக் கொணர்ந்தார். பின்புறத்திலே சுழல் கலப்பை முதலியவற்றை இயக்கும் தண்டின் நெம்பையும் விடுவித்தார். பின்னர் விசிறி பெல்ட்டைக் கழற்றினார். டைனமோவையும் நீர்ப் பம்பையும் கையால் சுழற்றினார். இரண்டும் இலகுவாகச் சுழன்றன. அதன் பின் ஸ்டார்ட்டர் மோட்டாரையே கழற்றி வெளியே எடுத்தார். சில சமயங்களில் ஸ்டார்ட்டரின் சிறு பற்சில்லு, எஞ்சினின் பெரும் பற்சில்லில் கோணலாகப் பொருந்திப் பூட்டிக்கொள்ளும். அவ்வாறாயின் ஸ்டார்ட்டரைக் கழற்றியவுடன் எஞ்சின் விடுபட்டுவிடும். இங்கு அதுவும் நோயன்று.

அடுத்து அவர் செய்தது எம்மை வியக்க வைத்தது. எஞ்சினைத் திருப்ப முயலுமுன்பே மூன்று இன்ஜெக்டர்களையும் கழற்றினார். காரணம் கேட்டோம். சிலிண்டரினுள்ளே நீரோ டீசலோ நிறைந்திருக்கக்கூடும். காற்றை நெருக்கலாம், நீரை நெருக்க முடியாது. நீர் நிறைந்த சிலிண்டரில் பிஸ்டனை வலிந்து மேலே தள்ளினால், பிஸ்டனையும் கிராங்க் தண்டையும் இணைக்கும் கனெக்டிங் றொட் வளைந்துவிடும். இன்ஜெக்டரைக் கழற்றிவிட்டால் நீர் அத்துளை வழியே வெளியேறும். எஞ்சினும் சுழலத் தொடங்கும். ‘இறுகிய’ எஞ்சின்கள் சில இந்த ஒரு வேலையோடு குணமாவதுண்டு என்றார்.

கயிறு கட்டி இழுப்பதன் தீமையும் இதனால் விளங்கும். உழவு இயந்திரத்தின் பின்சில்லைச் சுழற்றினால் அவ்விசை கியர்களின் வழியே பன்மடங்கு வேகத்தோடு எஞ்சினைச் சென்று தாக்கும். மூன்று பிஸ்டன்களில் ஒன்று மட்டும் துருவால் பிடித்திருந்தால் மற்றிரண்டும் ஓட முனையும். பிடித்த ஒன்று விடாது. நடுவே அகப்பட்ட றொட் வளையும். அல்லது கியர்ப் பல் உடையும். சிறு நோயைப் பெருநோயாக்க இதைவிட எளிய வழி வேறில்லை.

அதன் பின்னரே கிராங்க் தண்டின் முன்முனையிலுள்ள பெரிய நட்டில் ஸ்பானரைப் பொருத்தி, அதற்கொரு நீண்ட குழாயைச் செருகி, முன்னும் பின்னுமாக மெல்ல அழுத்தினார். அசைவில்லை. அசைவின் தன்மையும் ஒரு செய்தியைக் கூறும் என்று அவர் விளக்கினார். சிறிது சுழன்று ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் ‘டங்’ என்று முட்டி நிற்குமாயின், உடைந்த வால்வோ வேறு துண்டோ பிஸ்டனின் மேல் விழுந்திருக்கலாம். இரு பக்கமும் சற்றும் அசையாதிருப்பின் துருவோ சூட்டுப்பிடிப்போ பேரிங் பிடிப்போ ஆகலாம்.

எண்ணெய் கூறிய சாட்சி

வைத்தியர் நாடி பிடிப்பது போன்றது எண்ணெயைச் சோதித்தல். டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தார். அளவு சரியாக இருந்தது. நிறம் கறுப்பு. முகர்ந்து பார்த்தார், டீசல் மணம் இல்லை. எண்ணெய் அளவுக்கு மிஞ்சி நின்று டீசல் மணமும் வீசினால், டீசலை மேலேற்றும் பம்பின் சவ்வு கிழிந்து டீசல் எண்ணெயோடு கலக்கின்றது என ஐயுறலாம். எண்ணெய் பாலூற்றிய தேநீரின் நிறம் பெற்றிருந்தால் அதில் நீர் கலந்துவிட்டது என்பது தெளிவு.

பின்னர் எஞ்சினின் அடியிலுள்ள சம்ப்பின் அடைப்பை முற்றாகக் கழற்றாது, சிறிதளவே தளர்த்தினார். நீர் எண்ணெயினும் கனமானது. ஆதலின் நின்ற எஞ்சினில் அது அடியில் தங்கும். அடைப்பைத் தளர்த்தியவுடன் முதலில் வரும். அவ்வாறே அரைச் சிரட்டை அளவு நீர் வந்தது. அதன் பின் எண்ணெய் வந்தது.

எண்ணெயை ஒரு வெள்ளைத் தட்டில் ஊற்றி வெயிலிற் பிடித்துப் பார்த்தார். வீட்டின் மூத்த மகன், அப்பொழுது சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தவன், பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தான். மினுமினுக்கும் துகள்கள் இருக்கின்றனவா என்பதே தேடல். துகள்கள் இருந்து அவை காந்தத்தில் ஒட்டினால் இரும்பு. ஒட்டாது பளபளத்தால் பேரிங்கின் மென்னுலோகமோ பிஸ்டனின் அலுமினியமோ ஆகும். தட்டில் துகள் எதுவும் இல்லை.

“பேரிங் தப்பிவிட்டது. நீர் எங்கிருந்து வந்தது என்பதுதான் இனி விசாரணை” என்றார் காக்கா.

ரேடியேற்றரின் மூடியைத் திறந்து பார்த்தார். நீர் குறையவில்லை, அதன்மேல் எண்ணெயும் மிதக்கவில்லை. எனவே குளிர்நீர் வெடிப்பின் வழியாக உள்ளே கசிந்ததற்கு அறிகுறி இல்லை. நிமிர்ந்து நின்று இயந்திரத்தை ஒருமுறை மேலும் கீழும் நோக்கினார். வானத்தைப் பார்த்துத் திறந்து நின்ற சைலன்சர்க் குழாயில் அவர் பார்வை நிலைத்தது.

“இதற்கு மூடி எங்கே, தம்பி?”

மூடி இல்லை, விற்றவர் வீட்டிலும் இருந்ததாக நினைவில்லை. மாரி முழுவதும் பெய்த மழை அக்குழாய் வழியே இறங்கியிருக்கின்றது. எஞ்சின் எவ்விடத்தில் நின்றாலும் மூன்று சிலிண்டர்களில் ஏதேனும் ஒன்றின் வால்வு திறந்திருப்பது வழக்கம். திறந்த வாயிலைக் கண்ட நீர் உள்ளே சென்று, பிஸ்டனின் மேல் தங்கி, றிங்கின் இடுக்குகள் வழியே சிறிது சிறிதாகச் சம்ப்புக்கும் இறங்கியிருக்கின்றது.

ஐந்து நாள் ஊறல்

சிலிண்டர்களின் மேல்தலையைக் கழற்றியபொழுது அவர் ஊகம் மெய்யாயிற்று. முதலாம், மூன்றாம் சிலிண்டர்களின் சுவர்கள் எண்ணெய் பூத்துப் பளபளத்தன. நடுச் சிலிண்டரோ செம்மண் பூசியது போலிருந்தது. பிஸ்டன் பாதி வழியில் நின்றது. அதன் விளிம்பைச் சுற்றித் துரு வளையமிட்டிருந்தது.

சுத்தியலுக்கு நேரம் வந்துவிட்டது என்று எண்ணிய இளைஞர் சிலர் முன்வந்தனர். காக்கா அவர்களைத் தடுத்துவிட்டு, டீசலையும் எஞ்சின் எண்ணெயையும் கலந்து அந்தச் சிலிண்டரில் ஊற்றினார். “ஐந்து நாள் இதைத் தொடாதீங்க. இறங்க இறங்க ஊற்றுங்க” என்று கூறிப் புறப்பட்டார்.

அந்த ஐந்து நாள்களும் அவ்வீட்டார்க்கு ஐந்து மாதங்களாயின. மேற்கு வானம் நாள்தோறும் கறுத்தது. அயலார் வயல்களில் பிற இயந்திரங்களின் ஓசை கேட்டது. பையன் காலையும் மாலையும் எண்ணெய் மட்டத்தை அளந்து கொப்பியில் எழுதினான். முதல் இரு நாளும் மட்டம் இறங்கவில்லை. மூன்றாம் நாள் ஒரு விரற்கடை இறங்கிற்று. எண்ணெய் துருவினூடே வழி கண்டுவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம்.

ஆறாம் நாள் காக்கா வந்தார். பிஸ்டனுக்கு மேலேயுள்ள சுவரின் துருவை முதலில் எமரித் தாளால் தேய்த்துத் துப்புரவாக்கினார். துருவை அகற்றாது பிஸ்டனை மேலே செலுத்தினால் றிங் உடையும் என்றார். பின்னர் பிஸ்டனின் மேல் அதன் அளவுக்கு ஏற்ற மரக்குற்றி ஒன்றை வைத்து, அதன் தலையில் சுத்தியலால் மெல்லத் தட்டினார். அதே வேளையில் ஒருவர் கிராங்க் நட்டின் ஸ்பானரைத் தாங்கி அழுத்தினார்.

மாணவர்கள் கவனிக்கத்தக்க நுட்பம் ஒன்று இங்குளது. பிஸ்டன் பாதி வழியில் நிற்கும்பொழுது தட்டினால் அவ்விசை கிராங்க் தண்டைச் சுழற்றும். பிஸ்டன் உச்சியிலோ அடியிலோ நிற்கும்பொழுது தட்டினால், றொட்டும் கிராங்கும் ஒரே நேர்கோட்டில் நிற்பதால் விசை முழுவதும் பேரிங்கின் மேல் இறங்கும், எதுவும் சுழலாது, பேரிங்கே நசியும். சைக்கிள் மிதியடி நேர் கீழே இருக்கும்பொழுது எவ்வளவு மிதித்தாலும் சில்லு சுழலாதது போன்றதே இது.

பத்தாவது தட்டிலோ பன்னிரண்டாவது தட்டிலோ ‘கிறீச்’ என்றோர் ஓசை எழுந்தது. ஸ்பானர் ஒரு விரலளவு நகர்ந்தது. எவரும் ஆரவாரிக்கவில்லை. காக்கா அதனை மீண்டும் பின்னோக்கித் திருப்பச் சொன்னார். எண்ணெய் விட்டு முன்னோக்கித் திருப்பச் சொன்னார். இவ்வாறு ஊஞ்சலாட்டுவது போல ஆட்டி ஆட்டி, ஒரு மணி நேரத்தின் பின் கிராங்க் தண்டு முழுச் சுற்றுச் சுற்றிற்று. வாசற்படியில் இருந்த அம்மையார் எழுந்து உள்ளே சென்று தேநீர் வைத்தார்.

சுழன்றவுடன் எஞ்சினை இயக்கிவிடலாம் என எண்ணுவது கடைசி ஆபத்து. சம்ப்பைக் கழற்றி நடுப் பிஸ்டனை வெளியே எடுத்தார்கள். றிங்குகள் பள்ளத்தில் ஒட்டிக்கிடந்தன. சிலிண்டரின் உள்ளுறையாகிய லைனரில் துரு அரித்த குழிகள் இருந்தன. றொட் வளையவில்லை. இழுத்திருந்தால் வளைந்திருக்கும் என்பதை எவரும் எடுத்துக்கூற வேண்டியிருக்கவில்லை. ஒரு லைனர், ஒரு பிஸ்டன், றிங்குகள், மேல்தலைப் பொருத்தின் காஸ்கட், புதிய எண்ணெய், வடிகட்டி ஆகியவற்றோடு செலவு நின்றது. முழு எஞ்சினையும் பிரித்துச் செய்யும் செலவில் அது சிறு பங்கே. டீசலை நிறுத்தும் குமிழை இழுத்து வைத்துக்கொண்டு, எண்ணெய் அழுத்தம் முள்ளில் தெரியும் வரை ஸ்டார்ட்டரால் சுழற்றிய பின்னரே எஞ்சின் இயக்கப்பட்டது. வெண்புகை கக்கி, இருமுறை இருமி, அது ஓடத் தொடங்கிற்று.

உப்புநீரும் வெள்ளநீரும்

மழைநீரே இவ்வாறு செய்யுமாயின் கடல்நீர் என் செய்யும்? 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையோரத்தைத் தாக்கியது. பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை என்று ஊர் ஊராக உயிர்களைக் கொண்டு சென்றது. அன்று உற்றாரைத் தேடியவர்க்கு எஞ்சினைத் தேட மனமோ நேரமோ ஏது? வேறு சமயங்களில், 2024ஆம் ஆண்டு நவம்பரில் அம்பாறை மாவட்ட வயல்களை மூடியது போன்ற வெள்ளங்களில், நீரில் மூழ்கிய எஞ்சினுக்கு முதலுதவி செய்ய வாய்ப்புண்டு.

அம்முதலுதவியின் முதல் விதி, இயக்கிப் பார்க்காதிருத்தல். மூழ்கியது உப்புநீரிலாயின் நன்னீரால் நன்கு கழுவுதல் வேண்டும். எண்ணெயையும் டீசலையும் வடித்து, இன்ஜெக்டர்களைக் கழற்றி, கையால் சுழற்றி நீரை வெளியேற்றுதல் வேண்டும். சிலிண்டர்களில் எண்ணெய் ஊற்றி, சம்ப்பில் புதிய எண்ணெய் நிரப்பி, நாள்தோறும் ஒருமுறை சுழற்றி வைத்தல் வேண்டும். இதனை ஓரிரு நாளுக்குள் செய்தால் எஞ்சின் பிழைக்கும்; வாரங்கள் கடந்தால் துரு தன் வேலையை முடித்துவிடும்.

வாங்குமுன் காண வேண்டியவை

பழைய உழவு இயந்திரம் வாங்க எண்ணும் குடும்பத்தார்க்குச் சில சொற்கள். சொல்லாமற் சென்று பாருங்கள். எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் இயங்கச் சங்கடப்படும் எஞ்சினை உங்கள் வருகைக்கு முன் இயக்கி வைத்திருக்கலாம். குளிரும்வரை காத்திருந்து, உங்கள் கண்முன் இயக்கச் சொல்லுங்கள்.

பற்றரி இறங்கிவிட்டது என்பாராயின், நல்ல பற்றரி ஒன்றைக் கையோடு கொண்டு செல்லுங்கள். அதன் பின்னும் இயங்காவிடில் விலை பேசாதீர்கள். கிராங்க் நட்டில் ஸ்பானர் பூட்டிக் கையால் சுழற்றிப் பார்ப்பது சில நிமிட வேலையே. டிப்ஸ்டிக்கையும் ரேடியேற்றர் மூடியையும் எஞ்சின் குளிர்ந்திருக்கையில் திறந்து பாருங்கள். எஞ்சின் ஓடுகையில் எண்ணெய் ஊற்றும் வாயைத் திறந்து பாருங்கள். அங்கிருந்து குபுகுபுவெனப் புகை வந்தால் றிங்குகள் தேய்ந்துவிட்டன. ஓயாது நீலப்புகை வந்தால் எண்ணெய் எரிகின்றது. இவையனைத்தினும் மேலாக, “கடைசியாக எப்பொழுது ஓடிற்று? எங்கே நின்றது? ஏன் நின்றது?” என்னும் மூன்று கேள்விகளையும் பணம் கைமாறுமுன் கேளுங்கள். அக்குடும்பம் அவற்றைக் கேட்டிருக்குமாயின் விலையேனும் குறைந்திருக்கும்.

அவ்வியந்திரம் அந்தப் பெரும்போகத்திலே வயலில் இறங்கிற்று. ஆயினும் முதல் உழவுக்குப் பிந்திவிட்டது. கூலி உழவுகள் பல வேறு கைகளுக்குப் போய்விட்டன. அடகு சென்ற காப்புகள் அடுத்த சிறுபோகத்தின் பின்னரே வீடு திரும்பின. அவை திரும்பிய நாளில் அம்மையார் அவற்றை அணிந்துகொண்டு மருதமுனைக்குச் சென்று, காக்காவின் வீட்டாருக்குப் புதுநெல் அரிசி ஒரு பை கொடுத்து வந்தார்.

வேலை முடித்துப் புறப்பட்ட அன்று காக்கா கூறிய சொற்கள் எமக்கு நன்கு நினைவிருக்கின்றன. “ஒரு வெறும் பால்மா டின்னைக் கவிழ்த்து வைத்திருந்தால் இவ்வளவும் இல்லை, தம்பி.”

இன்றும் அவ்வீட்டு முற்றத்தில் இயந்திரம் நிற்கும் வேளைகளில் சைலன்சரின் தலையிலே ஒரு பால்மா டின் கவிழ்ந்திருப்பதைக் காணலாம். மாலையில் அதனை மறவாது வைப்பது அப்பையனின் வேலை.